பணியிட மன அழுத்தம்: மூச்சும் யோகமும் எந்த அளவுக்கு உதவும்?

நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை, பிடரி வலி, செரியாமை, சிறு சொல்லுக்கும் பொங்கும் சினம் ஆகிய குறைகளோடு பொது மருத்துவப் பிரிவுக்கு வருவோருள் பலர், நோயின் பெயரையும் தாங்களே கூறிவிடுகின்றனர். "வேலையில் டென்ஷன், டாக்டர்" என்பதே அப்பெயர். அவர்களுள் இராஜபாளையத்து நூற்பாலைகளில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பணிபுரிவோர் உண்டு. சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓட்டுவோர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பின் முன் நாள் முழுதும் நிற்போரும், வங்கியிலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அலுவல் பார்ப்போரும் உண்டு. அண்மைக் காலமாக அவர்கள் கேட்கும் வினாவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. "யோகா செய்தால் சரியாகிவிடுமா? மூச்சுப் பயிற்சி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

முதல் வினாவுக்கு ஓரளவு ஆம் என்றும், இரண்டாவதற்கு நீங்களாக முடிவு செய்யாதீர்கள் என்றும் விடை கூறலாம். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

அழுத்தம் யாருக்கு வருகிறது?

1936 ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா, இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர், 'நேச்சர்' இதழில் மிகச் சுருக்கமான ஒரு கட்டுரை எழுதினார். குளிர், காயம், நஞ்சு, மிகையான உடலுழைப்பு என எத்தகைய துன்பத்துக்கு ஆளானாலும் ஆய்வுக்கூட எலிகளின் உடல் ஒரே வகையாகவே எதிர்வினை புரிகிறது என்பது அவர் கண்டது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது. இரைப்பையில் புண் தோன்றியிருந்தது. 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்கு மருத்துவப் பொருள் பிறந்த இடம் அதுவே. நம் ஊரின் ஆலை வரலாறும் மன அழுத்தத்தின் அறிவியல் வரலாறும் ஒரே ஆண்டில் தொடங்கியது தற்செயல்தான். ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

நம் மேற்குமலையில் 2021இல் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பெற்றுள்ளது. அங்கே வனக்காவலர் ஒருவர் புலியை நேருக்கு நேர் கண்டால் அவர் உடலில் அட்ரினலின் பெருகும், இதயம் விரையும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரும், தசைகள் இறுகும், செரிமானம் நின்றுவிடும். உயிர் காக்கத் தேவையான ஏற்பாடு இது. புலி விலகிச் சென்றபின் சிறிது நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும். ஆனால், நூல் அறுந்துகொண்டே இருக்கும் இயந்திரத்தின் முன்னும், மேலாளரின் தொலைபேசி அழைப்பை எதிர்நோக்கியும் இருப்பவருக்கு இதே ஏற்பாடு நாள்தோறும் எட்டு மணி நேரம், வீடு திரும்பிய பின்னும் கூட, மெல்லிய அளவில் இயங்கிக்கொண்டே இருக்கிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு மருந்து சரியாக உட்கொண்டும் அளவுகள் அடங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன அழுத்தம் உயர் பதவியில் உள்ளோரின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இலண்டன் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதனைத் தலைகீழாக்கியது. கடைநிலைப் பணியாளர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம், உயர்நிலை அலுவலர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கிட்டுக் கழித்த பின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியது. 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு அதன் ஒரு காரணத்தைச் சுட்டியது. தம் வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்க இயலாதவர்களுக்கு இதய நோய் மிகுதி. வேலைப் பளு மட்டும் கெடுப்பதில்லை. பளு மிகுந்து, அதன் மேல் தமக்கு அதிகாரம் குறைந்திருக்கும் நிலையே மிகக் கெடுப்பது என்று அமெரிக்கரான ராபர்ட் கரசெக் 1979இல் கூறியதும் இதனோடு பொருந்துகிறது.

இதனை நம் ஊர் வழியே எண்ணிப் பாருங்கள். ரிங் பிரேம் பகுதியில் சைடராகப் பணிபுரியும் பெண்ணுக்கு நடையின் வேகத்தை வகுப்பது இயந்திரம். கழிப்பறைக்குச் செல்லவும் மாற்று ஆள் வேண்டும். காயங்களுக்குக் கட்டும் துணியை நெய்பவருக்குக் கூலி, நெய்த அளவைப் பொறுத்தது. தறி நின்றால் வருவாயும் நிற்கும். எங்கள் அறுவை அரங்கில் நாங்கள் பிரித்துப் பயன்படுத்தும் மெல்லிய துணியின் பின்னே இத்தகைய நாள்கள் உள்ளன என்பதை நாங்களும் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

எல்லாம் 'டென்ஷன்' அன்று

மூச்சுப் பயிற்சிக்குச் செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மன அழுத்தம் என்று தோன்றுபவற்றுள் சில வேறு நோய்கள். இரத்தசோகையும் தைராய்டு மிகைச் சுரப்பும் படபடப்பைத் தரும். குறட்டையும் பகல் தூக்கமும் உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதன் அறிகுறியாகலாம். இரவு ஷிப்டில் குடிக்கும் ஐந்தாறு தேநீரே சிலரின் உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சு இறுகி, நின்றால் தணிவது இதயத்தின் குரல். அதற்கு யோகாசன வகுப்பு மருந்தாகாது, ஈசிஜியும் மருத்துவரும் வேண்டும்.

நூற்பாலை ஊர்களில் இன்னொன்றும் உண்டு. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய். பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங் ஆகிய பகுதிகளில் தூசி மிகுதியாதலால் அங்குப் பல ஆண்டுகள் பணிபுரிந்தோருக்கு இது வரலாம். இதன் தொடக்க அடையாளம் தனித்தன்மை வாய்ந்தது. வார விடுமுறை முடிந்து மீண்டும் பணிக்குச் செல்லும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்தடுத்த நாள்களில் குறையும். "ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, அதனால்தான் நெஞ்சு அடைக்கிறது" என்று குடும்பத்தார் இதனைச் சோம்பலாகவோ மனக்குறையாகவோ கருதிவிடுவது எளிது. சட்டம் இதனை ஈட்டுத்தொகைக்குரிய தொழில்நோயாக ஏற்றுள்ளது. தொடக்கத்தில் தூசியிலிருந்து விலகினால் மீளலாம். ஆண்டுகள் கடந்தால் நுரையீரலின் பாதிப்பு நிலைத்துவிடும். எனவே, ஆலைத் தொழிலாளி ஒருவர் நெஞ்சிறுக்கம் என்று வந்தால், எந்தக் கிழமையில் மிகுதி என்பது நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி.

மூச்சு எவ்வாறு வேலை செய்கிறது?

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், செரிமானம், வியர்வை ஆகியவை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதவை. மூச்சும் தானே நடைபெறுவதுதான். ஆயினும் வேண்டும்போது நாம் கைக்கொள்ளவும் இயலும். தானியங்கி நரம்பு மண்டலத்துக்குள் நாம் நுழையக்கூடிய வாசல் இது ஒன்றே எனலாம்.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியை உணருங்கள். மெதுவாக மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரையும். வெளிவிடும்போது சற்றுத் தளரும். இளைஞர்களிடம் இவ்வேறுபாடு நன்கு தெரியும். முதியோரிடமும் நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களிடமும் குறைந்திருக்கும். வெளிமூச்சின்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு, கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதே இதன் காரணம். ஆகவே, அமைதியைத் தருவது வெளிமூச்சு. அதனை நீட்டினால் கடிவாளம் நெடுநேரம் இழுபட்டிருக்கும்.

நம் வழக்கத்தில் உள்ள அறிவுரை இதற்கு நேர்மாறானது. பதற்றத்தில் இருப்பவரைச் சூழ்ந்து நின்று, "மூச்சை நல்லா இழு, இன்னும் இழு" என்கிறோம். அவர் ஏற்கெனவே மிகையாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். மேலும் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும்; உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும்; சிலருக்குக் கைவிரல்கள் மடங்கி விறைத்துக்கொள்ளும். 'பக்கவாதமோ' என்ற அச்சம் எழ, மூச்சு மேலும் விரையும். இரவில் அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் கொண்டுவரப்படும் இளைஞர் சிலரின் கதை இதுதான். இதய நோயோ ஆஸ்துமாவோ இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தவருக்கு, அடுத்த முறை கூற வேண்டிய சொல் 'மெதுவாக விடு' என்பதே.

பழந்தமிழர் இதனை அறிந்திருந்தனர். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்கு ஓர் அளவு வகுக்கிறார். உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை, நிறுத்தி வைக்கும் கும்பகம் 64, வெளிவிடும் ரேசகம் 32. வெளிமூச்சு, உள்மூச்சைப்போல் இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். இன்றைய உடலியங்கியல் வேறு வழியே வந்து சேர்ந்த இடமும் அதுவே. ஆனால், நடுவிலுள்ள 64 ஆசானிடம் முறையாகப் பயின்றவர்க்கு உரியது. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்குதல் கூடாது. இதயத்தையே நிறுத்திக் காட்டுவோம் என்ற யோகியர் சிலரை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 1961இல் 'சர்குலேஷன்' என்ற இதய மருத்துவ இதழில் வெளிவந்தது. மூச்சை அடக்கி மார்பை இறுக்கியபோது நாடி கைக்கு எட்டாமல் மறைந்தது. மின்வரைபடத்தில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மார்புக்குள் அழுத்தம் அவ்வளவு உயர்வதால்தான் குருதி திரும்பி வருவது தடைப்படுகிறது. நோயுற்ற இதயத்தை அச்சோதனைக்கு ஆளாக்க வேண்டியதில்லை.

மற்றொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழுவினர் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரை இலத்தீன் மொழி ஜெபமாலையையும், திபெத்திய மந்திரம் ஒன்றையும் உரக்கச் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. வழக்கமாக நாம் 12 முதல் 18 வரை மூச்சு விடுகிறோம். ஆறு என்ற அவ்வேகத்தில்தான், கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதயத்தோடு நன்கு இசைந்து இயங்குகின்றன. சமயங்கள் வேறு, மொழிகள் வேறு. மூச்சின் கணக்கு ஒன்றாகிவிட்டது. மார்கழி விடியலில் ஆண்டாள் சந்நிதியில் பாசுரத்தின் நீண்ட அடியை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவரும் வெளிமூச்சை நீட்டவே செய்கிறார். பள்ளிவாசலில் ஓதுபவருக்கும் தேவாலயத்தில் பாடுபவருக்கும் இது பொருந்தும். தத்தம் வழிபாட்டில் ஏற்கெனவே இப்பயிற்சி உள்ளவர்கள் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. சற்று நிதானமாகச் சொன்னால் போதும்.

தனியே பயில விரும்புவோர்க்கு முறை இது. முதுகை நிமிர்த்தி, தோள்களைத் தளரவிட்டு அமருங்கள். நாற்காலியிலும் அமரலாம். மூக்கின் வழியே, வயிறு மெல்ல உயருமாறு நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுங்கள். நிறுத்தாமல், ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி. ஆகவே நிமிடத்துக்கு ஆறு. ஐந்து நிமிடத்தில் முப்பது. திருப்பாவைப் பாசுரங்களின் எண்ணிக்கையும் முப்பதே என்பதால் நம் ஊரில் இக்கணக்கு மறக்காது. தொடக்கத்தில் ஆறு வரை நீட்ட இயலாவிடில் மூன்றும் நான்குமாகத் தொடங்கலாம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். மிகை முயற்சியே அதற்குக் காரணம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் வெளிமூச்சை நீட்டிப் பயின்றோரின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தோரைவிடக் கூடுதலாக மேம்பட்டிருந்தது. ஐந்து நிமிடம் போதுமா என்று ஐயுறுவோர்க்காக இதனைக் கூறுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. இப்பயிற்சியைப் பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் செய்யாதீர்கள். ஆழ்ந்த மூச்சு தூசியையும் ஆழமாகவே கொண்டுசெல்லும். சுழலும் இயந்திரத்தின் அருகிலும், வாகனம் ஓட்டும்போதும் கண்களை மூடுதல் கூடவே கூடாது. உணவு இடைவேளையில், ஆலை வளாகத்து மரத்தடியே சிறந்த இடம்.

விழிப்புநிலைப் பயிற்சி

'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று அலுவலகங்களில் பேசப்படுவது, பௌத்த மரபின் தியானத்தை வேராகக் கொண்டது. 1979இல் ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீரா வலியால் துன்புற்ற நோயாளிகளுக்காக இதனைச் சமயச் சார்பின்றி எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். மனத்தை வெறுமையாக்குதல் இதன் நோக்கமன்று; அது எவர்க்கும் எளிதில் இயலாது. இப்போது நிகழ்வதை, நல்லது தீயது என்று தீர்ப்புக் கூறாமல் கவனித்தலே பயிற்சி. மனம் நழுவி மேலாளர் கூறிய சொல்லுக்குப் போகும். போனதை அறிந்து மீண்டும் மூச்சுக்கு அழைத்து வர வேண்டும். நூறு முறை போனால் நூறு முறை அழைத்து வருவதே அதன் உழைப்பு. அறுந்த நூலைப் பிணைத்துப் பழகியவர்களுக்கு இதனை விளக்குவது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது.

இதற்குத் தனி அறை வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கையில், பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து நடக்கலாம். தேர் வீதிகளில் மாலை நடை செல்வோர் ஒரு வீதிக்கு மட்டும் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு நடந்து பார்க்கலாம். 

பயன் எவ்வளவு? 2014இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழ்களுள் ஒன்று, 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பயன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பதற்ற நோயுள்ள 276 பேருள் ஒரு பகுதியினர்க்கு எட்டு வாரப் பயிற்சியும், மற்றவர்க்கு எசிட்டலோபிராம் மாத்திரையும் அளிக்கப்பட்டன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன் தந்தன. இச்செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்பும், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சியும் செய்தவர்கள். இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் மிகும். குறைப்பதாயின் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். கடும் மனநோய்க்கு மருத்துவம் பெறுவோரும், கொடிய நிகழ்வொன்றின் நினைவால் வருந்துவோரும் நெடுநேர மௌனத் தியான முகாம்களுக்குத் தாமாகச் செல்லுதல் நன்றன்று.

ஆசனங்கள்

நம் பகுதியில் யோகம் அயலான பொருளன்று. நெசவாளர் குடும்பத்தில் 1911இல் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலையின் மன்றங்கள் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் உள்ளன. தறியில் அமர்ந்தவரின் முதுகும் முழங்காலும் படும் பாட்டை அறிந்த ஒருவர் எளிய உடற்பயிற்சிகளுக்கு முதலிடம் தந்ததில் வியப்பில்லை. ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் 'ஒய்-பிரேக்' என்ற பெயரில், பணியிடத்திலேயே செய்யத்தக்க ஐந்து நிமிடப் பயிற்சியைக் கைப்பேசிச் செயலியாக வெளியிட்டது. தாடாசனம், தோள் சுழற்சி, இடுப்பைத் திருப்பும் கடிசக்ராசனம், நாடிசுத்தி, பிராமரி ஆகியவை அதில் அடங்கும். பாயும் தனி உடையும் வேண்டா. எட்டு மணி நேரம் நிற்பவருக்கும் எட்டு மணி நேரம் கணினி முன் அமர்பவருக்கும் இது ஏற்றது.

தீங்கு வரக்கூடிய இடங்கள் சில உண்டு. கபாலபாதி, பஸ்திரிகா ஆகிய வேக மூச்சுகள் கருவுற்றோர், இதய நோயாளிகள், வலிப்பு நோயாளிகள், குடலிறக்கம் உள்ளோர் ஆகியோர்க்கு ஆகா. தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் அதனை அறவே தவிர்க்க வேண்டும். முதுகுத் தட்டு விலகியவர்கள் முன்புறம் வளையும் ஆசனங்களுக்கு முன் எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கேளுங்கள். காணொளியைப் பார்த்துத் தாமே பயின்று பிடரி பிடித்துக்கொண்டு வருவோர் எண்ணிக்கை, சர்வதேச யோகா தினமான ஜூன் 21க்குப் பின் சற்றுக் கூடும் என்பது எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் வழங்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு.

மூச்சால் தீராதவை

ஆலை, அலுவலகம், கடை ஆகியவற்றை நடத்துவோரும் இவ்விதழைப் படிக்கின்றனர் என்பதால் இதனை எழுத வேண்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத இடர் 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடும் மிகுதி. இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவரின் இவ்விடரை ஐந்து நிமிட மூச்சால் ஈடுகட்ட இயலாது.

பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களின் விடைகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, தியானச் செயலி, அழுத்த மேலாண்மை வகுப்பு முதலியவற்றில் பங்கேற்றோர் பங்கேற்காதோரைவிட நலமாக இல்லை என்று கண்டது. ஒரே முறை எடுத்த கணக்கெடுப்பு என்பதால் அதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளேன். எனினும், வேலையை மாற்றாமல் வேலை செய்பவரை மட்டும் மாற்ற முயல்வதன் எல்லையை அது காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல்களும் பணிச்சூழலைச் சீர்செய்தல், மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளித்தல், தனி நபர்ப் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்தே கூறுகின்றன. ஷிப்ட் மாற்றம் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கி அமைந்தால் உடற்கடிகாரம் எளிதில் ஏற்கும். பின்னோக்கி அமைந்தால் தடுமாறும். இதற்குச் செலவு ஏதுமில்லை. தூசியில்லாத ஓய்வறை, குறித்த நேரத்தில் மாற்று ஆள், திட்டுவதைத் தனியே அழைத்துச் சொல்லும் மேற்பார்வையாளர் ஆகிய மூன்றும் யோகா ஆசிரியரை அழைப்பதற்கு முன் வர வேண்டியவை என்பது என் கருத்து.

வீட்டில் உள்ளோர்க்கு

இரவு ஷிப்ட் முடித்து வந்தவரின் பகல் உறக்கம், நம் இரவு உறக்கத்துக்கு ஒப்பானது. சன்னலுக்குத் தடித்த திரையிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்து, அவ்வேளையில் விருந்தினரையும் வீட்டுச் சிக்கல்களையும் தள்ளி வையுங்கள். ஷிப்டின் பிற்பாதியில் தேநீரைத் தவிர்க்கச் சொல்லுங்கள். உறக்கம் வருவதற்காக மது அருந்தும் பழக்கம், உறக்கத்தைத் துண்டாக்கி மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். விடுதியில் தங்கிப் பணிபுரியும் மகளோடு தொலைபேசியில் பேசும்போது, சம்பளத்தைக் கேட்குமுன் உறக்கத்தைக் கேளுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, வேலைக்குச் செல்ல அச்சம், 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் பயிற்சிகளை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நடுவண் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், அது மன அழுத்தமா என்று ஆராயாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் முன்பதிவு செய்து வரும்போது, முந்தைய இரண்டு வாரங்களில் எந்த நாளில் எந்த ஷிப்ட் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், எத்தனை தேநீர் குடித்தீர்கள், நெஞ்சிறுக்கமோ படபடப்போ எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் உடன் இருக்கட்டும்.